முதல் குரூப்பும் கடைசி பெஞ்சும்

ஏப்ரல் 24, வெள்ளி

எங்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளி ஆகிவிட்டது. ஆணை முன்பே வந்துவிட்டதாம். தலைமையாசிரியர் ஞானதுரை சார் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு இன்றுதான் வெளியே எடுத்தார். ஜூனில் பிளஸ் ஒன் தொடங்க வேண்டும். என்னென்ன பிரிவு, யாரை எதில் சேர்ப்பது, எப்படி நடத்துவது என்று ஒரு திட்டம் எழுதி, மே 29 அன்று பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்க வேண்டும். எழுதும் வேலை என் தலையில்.

"வடிவு டீச்சர், நீங்கதான் அதுக்குச் சரியான ஆளு. ஆனா ஆசைப்பட்டு எதையாவது எழுதிராதீங்க. காமர்ஸும் தொழிற்கல்வியும் போதும். அளத்துப் பிள்ளைகளுக்கு எதுக்கு முதல் குரூப்? ஃபெயிலாகும். நம்மகிட்ட விளக்கம் கேப்பாங்க."

முதல் குரூப் என்றால் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல். டாக்டரோ இன்ஜினியரோ ஆக அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் அளத்துக்குடியில் அது கிடையாது. வசதியுள்ள பிள்ளை தூத்துக்குடிக்கு வேனில் போகும், மற்றதெல்லாம் உப்பளத்துக்குப் போகும். முதல் குரூப் இல்லாமல் நான் திட்டம் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குறைந்தது பதினைந்து பிள்ளைகள் இருந்தால்தான் பிரிவுக்கு அனுமதி என்றார் சார். அதற்கென்ன, பார்த்துக்கொள்ளலாம்.

பதினாறு வருஷமாகப் பத்தாம் வகுப்பில் என் கணக்கில் ஒரு பிள்ளை ஃபெயில் ஆனதில்லை. சார் என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பார்?

கேஸ் தீர்ந்துவிட்டது. ராத்திரிக்கு ஹோட்டல் இட்லி. சட்னி ஊசிப்போயிருந்தது.

ஏப்ரல் 28, செவ்வாய்

திட்டம் நன்றாக வருகிறது. இரண்டு பாதை வைத்திருக்கிறேன். ஒரு நுழைவுத் தேர்வு, அதில் தேறினால் முதல் குரூப். தேறாதவர்களுக்குத் தொழிற்கல்வி, அதோடு நானே யோசித்த 'உப்பளக் கணிதம்'. பாத்தியின் பரப்பு, உப்புக் குவியலின் கன அளவு, இப்படி அவர்கள் வாழ்க்கையிலிருந்தே கணக்கு. எல்லோரையும் அணைத்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, தரத்தை விட்டுக்கொடுக்காத மாதிரியும் ஆயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து என் மகள் அபிராமி பேசினாள். ஹாஸ்டலில் கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டாளாம். இரண்டாம் வகுப்பில் இவள் தலையைச் சாய்த்து டிவி பார்த்ததைக் கவனித்து, அன்று சாயங்காலமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். "டீச்சர் கண்ணுல எதுவும் தப்பாது" என்று அந்த டாக்டரே சொன்னார்.

மே 4, திங்கள்

பிளஸ் ஒன்னில் சேர விரும்பும் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு ஆரம்பித்துவிட்டேன். இருபத்திரண்டு பேர். விடியுமுன்னே அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு வருகிறவர்கள் இருப்பதால் வகுப்பைப் பதினொரு மணிக்கு வைத்தேன். இந்த யோசனை வேறு யாருக்கு வந்திருக்கும்?

வழக்கம்போல நன்றாகப் படிக்கிறவர்கள் முன்னால், மந்தங்கள் பின்னால். முன்னால் இருப்பவர்களைப் பிடித்துக்கொண்டால் வகுப்பு ஓடும். எழுத எழுத வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போவது என் பழக்கம், அது பின்னால் இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு வரும்.

கடைசி பெஞ்சில் முத்துப்பேச்சி, பத்தாவதிலும் அங்கேதான் இருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். பலகையைப் பார்ப்பதே இல்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள். இரண்டு தரம் எழுப்பி நிற்கவைத்தேன். நின்றுகொண்டும் அதே வேலை.

இந்த மாதிரிப் பிள்ளைகளை ஒன்பதாவதிலேயே அடையாளம் கண்டு, பெற்றோரைக் கூப்பிட்டுப் பக்குவமாகப் பேசித் தையலுக்கோ வேறு எதற்கோ அனுப்பிவைத்துவிடுவேன். அதுவும் ஒரு சேவைதான். இவள் எப்படியோ தப்பி வந்துவிட்டாள்.

மே 11, திங்கள்

பெற்றோர் கூட்டத்தில் திட்டத்தை வாசித்தேன். உப்பளக் கணிதம் என்றதும் கைதட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அன்னக்கிளி எழுந்தாள். முத்துப்பேச்சியின் அம்மா, அளத்தில் வேலை. மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியும் அவள்தான். தலைவி என்றால் கையெழுத்துப் போடுவாள், டீ வந்தால் குடிப்பாள், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

"டீச்சர், உப்ப பத்தி எம்மவளுக்கு நானே சொல்லிக்குடுத்துக்கிடுதேன். உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க சொல்லிக்குடுங்க. உங்க மக எதைப் படிக்காளோ அதையே எம்மவளும் படிக்கட்டும். அதுக்குத்தான பள்ளிக்கூடம்?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞானதுரை சாரும் சிரித்தார். முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை எனக்கு. நல்லது சொன்னாலும் ஏறுவதில்லை சிலருக்கு.

மே 13, புதன்

மனசு கேட்காமல் அன்னக்கிளியிடம் விளக்கிச் சொல்லலாமென்று காலையில் அளத்துக்கே போனேன். அம்மாவும் மகளும் பாத்தியில் நின்றார்கள். அளத்துக் கணக்கன் பரமசிவம் குடையைப் பிடித்தபடி வரப்பில் நின்று, "வாங்க டீச்சர், நம்ம குழுவுல நானும் மெம்பர்தான்" என்று பல்லைக் காட்டினார். யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில் இருக்கிறது. அவர் முன்னால் என்ன பேசுவது?

வெயில் கீழிருந்து அடிக்கிறது. எங்கே பார்த்தாலும் வெள்ளை. திரும்பி வந்தபின் வெகுநேரத்துக்குக் கண்ணுக்குள் பொட்டுப் பொட்டாக மிதந்தது. வகுப்பில் நான் எழுதியதே எனக்கு மங்கலாகத் தெரிந்தது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்.

மே 15, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. இந்த வருஷமும் எல்லோரும் பாஸ். பதினேழாவது வருஷம்!

முத்துப்பேச்சி கணக்கில் எழுபத்தொன்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வகுப்புத் தேர்வுகளில் முப்பதைத் தாண்டாதவள். அந்த அறையில் கண்காணிப்பு லட்சணம் அப்படி இருந்திருக்கும். இதற்காகத்தான் நுழைவுத் தேர்வு வேண்டும் என்கிறேன்.

மாவடு நன்றாக ஊறிவிட்டது.

மே 18, திங்கள்

நுழைவுத் தேர்வு முடிந்தது. கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். எங்கள் பள்ளியில் உள்தேர்வு எல்லாமே அப்படித்தான், அச்சடித்துக் கட்டுப்படியாகாது. இந்தத் தடவை ஒரு வார்த்தைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவில் நல்ல இடைவெளி. பார்த்து எழுத வழியே இல்லை.

தேறியவர்கள் ஒன்பது பேர். எல்லாம் முதல் இரண்டு வரிசைப் பிள்ளைகள், எப்போதும்போல. முத்துப்பேச்சி கொடுத்தது வெள்ளைத்தாள். மேலே பெயர் மட்டும் அழகாக எழுதியிருந்தாள்.

ஒன்பது. பதினைந்து வேண்டும்.

மே 20, புதன்

"ஒம்பதுதானா? அப்ப முதல் குரூப் பேச்சே இல்ல. நீங்க வச்ச பரீட்சைதான டீச்சர்?" என்றார் ஞானதுரை சார். குரலில் அத்தனை சந்தோஷம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ்தான், வம்பில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும் அவருக்கு. தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தால் ஆள் சேரும், ஆனால் குறைத்துச் சேர்த்தவர்கள் இரண்டு வருஷம் கழித்துப் பொதுத்தேர்வில் விழுந்தால் என் பெயர் என்ன ஆகும்? குறைக்காவிட்டால் தேறிய ஒன்பதுக்கும் சேர்த்து வாசல் சாத்தப்படும். இரண்டு நாளாக இதே யோசனைதான். குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

மத்தியானம் அன்னக்கிளி மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அரசாங்கப் பரீட்சையில எழுபத்தொண்ணு எடுத்தவ உங்க பரீட்சையில ஒண்ணுமே எழுதலையாம்லா. எம்மவ திருடியா எழுதினா? கேளுங்க. எம்முன்னால கேளுங்க."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கேட்டேன். "மூலங்கள் மூணும் நாலும். இருபடிச் சமன்பாடு சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, மூச்சுவிடும் நேரத்தில், "எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஏழு எக்ஸ் பிளஸ் பன்னெண்டு சமம் பூஜ்ஜியம், டீச்சர்" என்றாள்.

இன்னும் இரண்டு கேட்டேன். இரண்டும் சரி.

"அப்ப பரீட்சையில ஏம்ட்டி எழுதல?"

அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். அன்னக்கிளியும் சட்டென்று அடங்கிப்போய், "சரி, வாட்டி" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு வேகமாக வந்தவள் ஏன் அப்படிப் போனாள்? திமிர் என்று எழுத வந்தேன். அது திமிர் மாதிரி இல்லை.

மே 23, சனி

தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சே வரவில்லை. வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்.

மே 25, திங்கள்

லீவு போட்டிருக்கலாம். போடவில்லை. கூட்டத்துக்கு நாலு நாள்தான் இருக்கிறது. கோடை வகுப்பை நடுவில் விட்டால் சார் அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்.

குரல் இல்லை. வாயைச் சுட்டிக் காட்டிவிட்டுப் பலகையில் கணக்கை எழுத ஆரம்பித்தேன். நாலு வரி எழுதிவிட்டுத் திரும்பினேன்.

முதல் இரண்டு வரிசை எழுதிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் பாதிப் பேருக்குமேல் பேனாவைக் கையில் பிடித்தபடி சும்மா இருந்தார்கள். ஒருவன் கண்ணை இடுக்கினான். ஒருத்தி எழுந்து முன் பெஞ்சுப் பெண்ணின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். முத்துப்பேச்சி காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பேச ஆரம்பிப்பேன் என்று காத்திருந்தாள்.

தலையைச் சாய்த்து.

சாக்பீஸ் என் கையிலேயே இருந்தது. அதை மேசையில் வைத்தேன். பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் போய், ஒவ்வொருவர் காதிலும் கிசுகிசுத்தேன், முதல் வரியை இங்கிருந்தே வாசி என்று. "தெரியுது டீச்சர், தெரியுது டீச்சர்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வாசிக்கத்தான் முடியவில்லை. இருபத்திரண்டில் எட்டுப் பேர்.

வகுப்பு விட்டதும் முத்துப்பேச்சியை நிறுத்திவைத்தேன்.

"எப்ப இருந்துட்டி?"

"எட்டாப்புல இருந்து, டீச்சர். கிட்டக்க உள்ளது நல்லாத் தெரியும். தூரத்துல உள்ளதுதான் பஞ்சு பஞ்சாத் தெரியுது. நீங்க சொல்லிட்டே எழுதுவீங்கல்லா, அதைக் கேட்டு எழுதிருவேன். விட்டுப்போனத மட்டும் பக்கத்துல பாப்பேன்."

"சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கண்ணாடி போடச் சொல்லுவீங்க. கணக்கருக்குத் தெரிஞ்சா வேலைக்கு வரவேண்டாம்ன்னுருவாரு. வரப்புல சுமையோட நடக்கணும்லா, கண்ணு தெரியாதவள ஏத்தமாட்டாரு. எங்கம்மைக்கும்..." அதோடு நிறுத்திவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், யார்ட்டயும் சொல்லிராதீங்க. எங்கம்மைக்கு என்னவிட மோசம்."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.

மே 26, செவ்வாய்

ஒரு வேலையும் ஓடவில்லை. பெற்ற பிள்ளை தலையைச் சாய்த்தபோது ஒரே நாளில் தெரிந்தது எனக்கு. இவள் என் கண்முன்னால் இத்தனை வருஷம் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள், நான் காப்பி அடிக்கிறாள் என்று எழுப்பி நிற்கவைத்தேன். வெட்கமாக இருக்கிறது. தையலுக்கு அனுப்பிவைத்தேனே, அந்தப் பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக வருகிறது. அதில் எத்தனை பேர் பலகையைப் பார்க்காமல் பக்கத்து நோட்டைப் பார்த்தவர்கள்? நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இதற்குமேல் இதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மே 29, வெள்ளி

கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன்.

குரல் பாதிதான் திரும்பியிருந்தது. ஞானதுரை சார் முதலிலேயே ஆரம்பித்துவிட்டார். நுழைவுத் தேர்வில் தேறியவர்கள் ஒன்பது, ஆகவே முதல் குரூப் இந்த வருஷம் இல்லை, காமர்ஸும் தொழிற்கல்வியும் போதும், தலைவி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எனக்கு எதிரே கணக்கன் பரமசிவம் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்னக்கிளி குனிந்த தலை நிமிரவில்லை. பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள்.

எழுந்தேன். "அந்தப் பரீட்சை செல்லாது சார்."

"என்னது?"

"பரீட்சை தப்பு. அதை நான் வாபஸ் வாங்குறேன்."

"என்ன தப்பு டீச்சர்? கேள்வி தப்பா?"

"இல்ல."

"மார்க் போட்டது தப்பா?"

"இல்ல சார்."

"பின்ன என்னதான் தப்பு? நாலு பேர் கேக்கறாங்கல்ல, சொல்லுங்க."

எட்டுப் பிள்ளைகளுக்குப் பலகை தெரியவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அந்த நிமிஷமே அத்தனை பேரும் என் பக்கம். ஆனால் காலை ஆட்டிக்கொண்டிருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த எட்டுப் பேர் என்று அவர் பொழுது சாய்வதற்குள் கண்டுபிடித்துவிடுவார். அதோடு நிற்கவும் மாட்டார், அம்மாக்கள் வரைக்கும் போவார்.

"எனக்குப் பரீட்சை வைக்கத் தெரியல சார். அதான் தப்பு."

பரமசிவம் வாய்விட்டுச் சிரித்தார். "பதினேழு வருஷ சர்வீஸ் டீச்சருக்குப் பரீட்சை வைக்கத் தெரியலயாம்! நல்ல பள்ளிக்கூடம்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படி ஒரு பேச்சை நான் யாரிடமும் வாங்கியதில்லை. வாங்கிக்கொண்டு நின்றேன். அன்னக்கிளி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். என் முகம் அவளுக்கு எவ்வளவு தெரிந்ததோ, ஆனால் புரிந்துகொண்டாள் என்று தோன்றியது.

பிறகு திட்டத்தை வாசித்தேன், புதிதாக எழுதியதை. பத்தாவது பாஸான எந்தப் பிள்ளையும் கேட்டால் முதல் குரூப். நுழைவுத் தேர்வு கிடையாது. உப்பளக் கணிதம் கிடையாது. பெஞ்ச் வாரத்துக்கு வாரம் மாறும். கேள்வித்தாள் எல்லாம் அச்சில். பலகையில் எழுதுவதை ஆசிரியர் வாய்விட்டும் சொல்ல வேண்டும். வருஷ ஆரம்பத்தில் பள்ளியில் படிக்கிற அத்தனை பேருக்கும் உயரம், எடை, பல், கண் எல்லாம் பரிசோதனை. கண்ணை மட்டும் தனியாக எழுதாமல் பல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

ஞானதுரை சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். குரல் இறங்கிவிட்டது. "டீச்சர், நெசமாத்தான் கேக்கேன். இதுல நாலஞ்சு பிள்ளையாவது ஃபெயிலாகும். உங்க நூறு சதவீதம் போயிரும். பரவால்லையா?"

"போகட்டும் சார்."

"விளக்கம் கேட்டா நான் உங்க பேரைத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

அன்னக்கிளி கையெழுத்துப் போட்டாள். தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டாள். எத்தனையோ தடவை என் முன்னால் இப்படித்தான் போட்டிருக்கிறாள்.

ஜூன் 15, திங்கள்

முதல் குரூப் வகுப்பு நடக்கிறது, இருபது பேர். ஒரு பெற்றோர் பயந்து காமர்ஸில் சேர்த்துவிட்டார். ஒருத்தன் தூத்துக்குடி போய்விட்டான்.

பரிசோதனை முடிந்து கண்ணாடிகள் வந்துவிட்டன. அளத்துப் பிள்ளைகள் யாரும் அதை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சாயங்காலம் என் மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போகிறார்கள், காலையில் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். முத்துப்பேச்சி முதல்நாள் போட்டுக்கொண்டு பலகையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "டீச்சர், உங்க கையெழுத்து இவ்வளவு கோழிக்கிறுக்கலா?" என்றாள். வகுப்பே சிரித்தது. வாயைப் பார், வாயை.

ஜூன் 29, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. முக்கோணவியல் யாருக்கும் ஏறவில்லை. சார் இன்றைக்கும் கேட்டார், "எப்படிப் போகுது முதல் குரூப்?" என்று.

ஜூலை 10, வெள்ளி

முதல் அலகுத் தேர்வு. திருத்தி முடித்துவிட்டேன். அச்சடித்த தாள், கண்ணாடி, எல்லாம் இருந்தும் ஏழு பேர் ஃபெயில். முத்துப்பேச்சி இருபத்தெட்டு, முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். பலகையில் நான் எழுதிச் சொல்லாமல் விட்டதெல்லாம் மூன்று வருஷமாக அவளுக்குள் ஓட்டையாக இருக்கிறது. படம் போட்டு விளக்கியது ஒன்றுகூட அவளிடம் இல்லை. சொன்னது மட்டும்தான் இருக்கிறது.

மார்க் பதிவேட்டில் ஏழு சிவப்பு எழுத்து. ஒரே தேர்வில் இத்தனை சிவப்பு என் கையால் எழுதி எத்தனையோ வருஷம் ஆயிற்று. பழைய நானாக இருந்தால் இந்நேரம் ஏழு வீட்டுக்கும் ஆள் போயிருக்கும்.

விடைத்தாள் கொடுத்து மணி அடித்தபின், எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து முத்துப்பேச்சி வந்தாள். கண்ணாடியைக் கழற்றி, பாவாடையில் துடைத்து, மடித்தாள். வழக்கம்போல டிராயரைத் திறக்கவில்லை. மேசைமேல் என் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க டீச்சர். வேற யாருக்காவது ஆகும்."

"எதுக்கு?"

"ஃபெயிலானா வேற குரூப்புக்கு மாத்திருவீங்கல்லா. அம்மைட்ட நானே சொல்லிக்கிடுதேன். நீங்க கூப்பிட்டுச் சொல்லாண்டாம்."

அழவில்லை அவள். இவள் என்னை எவ்வளவு நாளாகக் கவனித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பலகை தெரியாதவளுக்கு நான் நன்றாகத் தெரிந்திருக்கிறேன்.

கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினேன். பெஞ்சை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டேன்.

"மாட்டுட்டி அத. உக்காரு. மூணாவது கணக்குல நீ எங்க சறுக்குனேன்னு காட்டு."